நிலவில் மனிதன் இறங்கியது உண்மையா? ஐயத்தை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நிலவுக்கு மனிதரை அனுப்பிய அமெரிக்காவின் அப்போலோ பயணங்கள் படப்பிடிப்புத் தளத்தில் எடுக்கப்பட்ட நாடகம் என்று சொல்லும் காணொளி குடும்பக் குழுவில் வந்து விழும்போது பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்று: அப்படியே நம்பிவிடுவது, அல்லது அனுப்பியவரை எள்ளி நகையாடுவது. இரண்டிலும் சோதனை என்பது இல்லை. சென்னையில் பள்ளி மாணவர்களோடும் குடியிருப்புச் சங்கத்தினரோடும் இந்த ஐயங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தபோது, புதியவர்கள் தடுமாறுவது அறிவியல் கடினமாக இருப்பதால் அல்ல, படிகளை மாற்றிச் செய்வதால்தான் என்பது தெரிந்தது. ஆகவே இவ்வழிகாட்டி வரிசைக்கே முதலிடம் தருகிறது. ஒவ்வொரு சான்றைப் பற்றியும் 'இது எதை விலக்குகிறது, எதை விலக்கவில்லை' என்ற கேள்வியைக் கைவிடாமல் கேட்பதே இதன் முறை.

1. முன்கூட்டியே தேவையானவை

கோடிட்ட நோட்டு ஒன்று, அளவு நாடா, கைமுறை அமைப்பு வசதியுள்ள கைப்பேசிக் கேமரா, அதை அசையாமல் நிறுத்த ஒரு முக்காலி, காணொளியை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தக்கூடிய இலவச மென்பொருள், வானத்தை எந்தத் தேதிக்கும் எந்த ஊருக்கும் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருள் ஆகியவை போதும். கால் கிலோ கோலமாவும் முகக்கவசமும் பின்னர் தேவைப்படும். தொலைநோக்கி தேவையில்லை, ஏன் தேவையில்லை என்பது எட்டாம் படியில் வரும்.

வானத்தைப் பார்க்க வேண்டிய சோதனைகளை ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மேகம் சென்னை வானத்தை மறைத்து, திட்டமிட்ட இரவுகளை வீணாக்கிவிடும்.

2. கூற்றை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

'எல்லாமே பொய்' என்பதைச் சோதிக்க முடியாது. 'அப்போலோ 11 படங்களில் விண்மீன்கள் இல்லை. உண்மையான நிலவில் எடுத்திருந்தால் அவை தெரிந்திருக்கும்' என்பதைச் சோதிக்கலாம். ஒரு காணொளியில் பொதுவாகப் பத்துப் பதினைந்து கூற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டப்பட்டிருக்கும். அவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, ஒரு பக்கத்தில் ஒன்று மட்டும் எழுதுங்கள்.

இதற்குக் காரணம் உண்டு. பிரிக்காமல் விட்டால், ஒரு கூற்றுக்கு விடை கிடைக்கும் நேரத்தில் பேச்சு அடுத்ததற்குத் தாவிவிடும். முடிவில் எதுவும் தீர்ந்திருக்காது, ஆனால் எல்லாவற்றையும் விவாதித்துவிட்ட களைப்பு மட்டும் இருக்கும். புதியவர்களின் முதல் தடுமாற்றம் இதுதான்.

3. சான்றைப் பார்க்கும் முன் எதிர்பார்ப்பை எழுதுங்கள்

பக்கத்தை மேலிருந்து கீழாகக் கோடிட்டு மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் 'உண்மையாக நடந்திருந்தால் என்ன தெரிய வேண்டும்', இரண்டாவதில் 'போலியாக இருந்தால் என்ன தெரிய வேண்டும்', மூன்றாவதில் 'இந்தச் சான்று எதை விலக்கவில்லை' என்று தலைப்பிடுங்கள். முதல் இரண்டு பத்திகளும் ஒரே விடையைத் தருமானால் அந்தச் சான்றால் பயனில்லை, அதைக் கடந்துவிடலாம்.

இதைப் படத்தையோ காணொளியையோ பார்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். பார்த்த பிறகு எழுதினால், கண்ணில் பட்டதையே எதிர்பார்த்ததாக மனம் மாற்றிக்கொள்ளும். ஐயப்படுவோருக்கும் நம்புவோருக்கும் இந்த விதி சமமாகப் பொருந்தும் என்றாலும், நம்புவோரே இதை அதிகம் தவிர்க்கிறார்கள். விடை தமக்கு ஏற்கெனவே தெரியும் என்று அவர்கள் எண்ணுவதே காரணம்.

4. மூலப் படத்தைத் தேடுங்கள்

வாட்ஸ்அப்பில் வந்த படத்தின்மேல் எந்தச் சோதனையையும் தொடங்காதீர்கள். அது பலமுறை சுருக்கப்பட்டு, ஓரம் வெட்டப்பட்டு, ஒளி மாற்றப்பட்டு வந்திருக்கும். அப்போலோ படச்சுருளின் ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கொண்டு உயர்தெளிவு நகலை இணையத்தில் இலவசமாகப் பெறலாம்.

இந்தப் படியைத் தவிர்த்ததால் விளைந்த ஐயங்களுள் புகழ்பெற்றது, அப்போலோ 16 படமொன்றில் பாறையின்மேல் 'சி' என்ற ஆங்கில எழுத்து இருப்பதாகச் சொல்வது. மூலப் படச்சுருளில் அந்த எழுத்து இல்லை. பின்னர் எடுக்கப்பட்ட ஒரு நகலில் ஒட்டிக்கொண்ட முடியோ நூலோ அப்படித் தெரிந்தது. படங்களின்மேல் காணப்படும் சிலுவைக் குறிகள் சில இடங்களில் வெள்ளைப் பொருளுக்குப் பின்னால் மறைவதுபோல் தெரிவதும் இத்தகையதே. அக்குறிகள் கேமராவுக்குள் படச்சுருளின் முன்னிருந்த கண்ணாடித் தகட்டில் பொறிக்கப்பட்டவை; மிகப் பிரகாசமான பகுதியின் ஒளி படச்சுருளில் கசிந்து மெல்லிய கோட்டை விழுங்கிவிடுகிறது. நல்ல நகலில் உற்றுப் பார்த்தால், மறைந்ததாகச் சொல்லப்படும் கோடு பல இடங்களில் மங்கலாகத் தொடர்வது தெரியும்.

அதே வேளையில், ஐயப்படுவோர் சொல்வதில் உண்மை இருக்கும் இடமும் இங்கே உண்டு. அப்போலோ 11 வீரர் பஸ் ஆல்ட்ரின் நேராக நிற்கும் புகழ்பெற்ற படம், எண் ஏஎஸ்11-40-5903, நூல்களிலும் சுவரொட்டிகளிலும் அச்சானபோது மேலே கறுப்பு வானம் சேர்க்கப்பட்டது. மூலத்தில் அவருடைய தலைக்கு மேல் இடமே இல்லை. 'படத்தைத் திருத்தியிருக்கிறார்கள்' என்று ஒருவர் சொன்னால், ஆம் என்று ஒப்புக்கொண்டு, திருத்தாத மூலத்தைத் திறந்து காட்டுங்கள்.

5. ஒளியைச் சோதியுங்கள்

முதலில் விண்மீன் கேள்வி. நிலவின் நிலப்பரப்பின்மேல் விழுவது நம் மெரினா மணலின்மேல் விழும் அதே வெயில். வெயிலில் வெள்ளை உடை அணிந்தவரைப் படமெடுக்க, ஷட்டரை ஒரு நொடியில் 250இல் ஒரு பங்கு போன்ற குறுகிய நேரமே திறக்க வேண்டும். அந்த நேரத்தில் விண்மீன் ஒளி பதியாது.

மொட்டை மாடியில் இதைச் செய்து பார்க்கையில் ஒரு நேர்மை வேண்டும். சென்னை வானில் பொதுவாகவே விண்மீன்கள் குறைவு என்பதால், வெறும் நிலவைப் படமெடுத்து 'பாருங்கள், விண்மீன் இல்லை' என்று காட்டுவது சோதனையாகாது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் சிரியஸ் போன்ற விண்மீனை முதலில் அடையாளம் காணுங்கள். கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 100இலும் ஷட்டரை 1/250இலும் வைத்து அதைப் படமெடுங்கள்; பின் அதே விண்மீனை ஐஎஸ்ஓவைக் கூட்டிச் சில நொடிகள் ஷட்டரைத் திறந்துவைத்து எடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்தால் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். கைப்பேசியில் தானாகக் காட்சியை மெருகேற்றும் வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். சில கைப்பேசிகள் நிலவை அடையாளம் கண்டு, கேமரா பார்க்காத விவரங்களையும் படத்தில் சேர்த்துவிடுகின்றன. சேப்பாக்கத்தில் இரவு ஆட்டத்தின் படங்களைப் பார்த்தாலும் இதே விடைதான்: மின்விளக்கு ஒளியில் ஆட்டக்காரர் தெளிவாக இருக்கிறார், மேலே வானம் வெறும் கறுப்பு.

அதே சேப்பாக்கம் படம் அடுத்த ஐயத்துக்கும் உதவும். 'நிழல்கள் வெவ்வேறு திசையில் விழுகின்றன, ஆகவே பல விளக்குகள்' என்பது கூற்று. பல விளக்குகள் இருந்தால் என்ன தெரிய வேண்டும்? ஒவ்வோர் ஆட்டக்காரரின் காலடியிலிருந்தும் பல நிழல்கள் கிளம்புவதை மைதானத்தில் காணலாம். அப்போலோ படங்களில் ஒருவருக்கு ஒரு நிழல்தான். நிழல்கள் இணையாக இல்லாததுபோல் தோன்றுவதற்குத் தரையின் மேடுபள்ளமும், தொலைவில் செல்லும் இணைகோடுகள் படத்தில் நெருங்கித் தெரிவதும் காரணம். காலையில் காமராசர் சாலை விளக்குக் கம்பங்களின் நிழலை அகலக் கோணத்தில் எடுத்தால் அவையும் விரிந்தே தெரியும்.

இங்கே இன்னொரு சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காணொளிகள் இதைத் தொடுவதே இல்லை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது இது. அப்போலோ 11 இறங்கியபோது அவ்விடத்தில் சூரியன் அடிவானுக்கு மேல் ஏறத்தாழ 11 டிகிரியில் இருந்தது. வீரர்கள் வெளியே நடந்தபோது 14 டிகிரியைத் தாண்டியிருந்தது. நிலவில் சூரியன் மணிக்கு அரை டிகிரிதான் உயரும். 14 டிகிரியில் நிழல் உயரத்தைப்போல் நான்கு மடங்கு நீளும். சென்னையில் சூரியன் உதித்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அதே உயரத்தை எட்டும். மெரினாவில் நின்று உங்கள் நிழலை அளந்து, அந்த விகிதத்தை அப்போலோ 11 படங்களின் நீண்ட நிழல்களோடு ஒப்பிடுங்கள். இது எதை விலக்குகிறது? நிழல் நீளம் படப்பிடிப்பு வசதிக்காக அமைந்தது என்பதை. அந்த நாளின் பிறையைக் கணக்கிட்டால் வரும் நீளமே படத்திலும் இருக்கிறது. எதை விலக்கவில்லை? அக்கறையுள்ள ஒரு போலியாளர் கணக்கிட்டு விளக்கை வைத்திருக்கலாம் என்பதை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

6. அசைவை அளவிடுங்கள்

நிழற்படத்தைவிட அசையும் படம் வலுவான சான்று. அதில் நேரம் இருக்கிறது, நேரத்திலிருந்து ஈர்ப்பைக் கணக்கிடலாம்.

அப்போலோ 16 பயணத்தில் ஜான் யங் கொடிக்கு முன் துள்ளி வணக்கம் செலுத்தும் காணொளியை எடுங்கள். கால் தரையைவிட்டு எழும் ஃபிரேமையும் மீண்டும் தொடும் ஃபிரேமையும் குறித்து, இடைப்பட்ட எண்ணிக்கையைக் காணொளியின் நொடிக்கான ஃபிரேம் எண்ணால் வகுங்கள். ஏறத்தாழ 1.45 நொடி வரும். எழும்பிய உயரத்தை அவருடைய உயரத்தோடு ஒப்பிட்டு அளந்தால் 42 சென்டிமீட்டரை ஒட்டி வரும். உயரத்தை 8ஆல் பெருக்கி, நேரத்தின் இருமடியால் வகுத்தால் ஈர்ப்பு முடுக்கம் கிடைக்கும்: ஏறத்தாழ 1.6. நிலவின் ஈர்ப்பு 1.62, புவியினுடையது 9.8. உயரத்தை அளப்பதில் பத்துச் சதவீதம் பிழை ஏற்பட்டாலும் விடையில் பத்துச் சதவீதமே மாறும், 1.6ஐ 9.8 ஆக்கும் அளவுக்குப் பிழை செய்ய முடியாது.

புதியவர்கள் இங்கே செய்யும் பிழை, யாரோ வேகத்தை மாற்றிப் பதிவேற்றிய காணொளியைப் பயன்படுத்துவது. உரையாடல் ஒலியும் சேர்ந்திருக்கும் பதிவை எடுங்கள்; வேகம் மாறியிருந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

'புவியில் எடுத்து மெதுவாக ஓட்டினால் இதே எண் வருமே' என்று ஒருவர் சொல்வார். சரியான கேள்வி, ஏறத்தாழ 2.46 மடங்கு மெதுவாக்கினால் துள்ளல் பொருந்திவிடும். ஆகவே துள்ளல் மட்டும் போதாது, தூசியையும் பார்க்க வேண்டும். முகக்கவசம் அணிந்துகொண்டு, காற்று வீசாத நேரத்தில் மொட்டை மாடியில் ஒரு கைப்பிடி கோலமாவைப் பக்கவாட்டில் வீசிப் படமெடுங்கள். மெல்லிய துகள்கள் காற்றில் தங்கிப் புகைபோல் சுழலும். எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் அந்தச் சுழற்சி மறையாது, இன்னும் நீண்டு தெரியும். இப்போது அப்போலோ 16 ஊர்தி ஓடும் படத்தைப் பாருங்கள். சக்கரம் வாரியிறைக்கும் தூசி வளைகோட்டில் எழுந்து, சுழலாமல், ஒரே சீராகத் தரையில் விழுகிறது. இது காற்றுள்ள எந்தத் தளத்தையும் விலக்குகிறது. ஊர்தி ஓடும் அளவுக்குப் பெரிய வெற்றிட மண்டபம் கட்டினார்கள் என்பதை மட்டும் விலக்கவில்லை. அப்படிச் சொல்பவரிடம் ஈர்ப்பையும் ஆறில் ஒரு பங்காக்கியது எப்படி என்பதையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மீந்த கோலமாவைத் தட்டில் பரப்பிச் செருப்புக் காலால் மிதியுங்கள்; ஈரமே இல்லாமல் விளிம்பு நிற்கும். எலியட்ஸ் கடற்கரையின் உலர்ந்த மணலில் அதே தடம் சரிந்துவிடும். 'தண்ணீரில்லாமல் காலடித்தடம் எப்படிப் பதியும்' என்ற ஐயத்துக்கு இதுவே விடை: அலையும் காற்றும் உருட்டித் தேய்த்த மணல் உருண்டை, நிலவுத் துகளோ தேய்க்கப்படாதது, கூர்முனைகள் கொண்டது, மாவுபோல் நுண்ணியது.

கொடி அசைவதைப் பற்றி நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. மேற்புறம் ஒரு குறுக்குக் கம்பி இருந்ததால்தான் அது விரிந்து நிற்கிறது. வீரர்கள் கம்பத்தைத் திருகும்போதே பெரிதும் ஆடுகிறது. தொடுவதற்கு முன்னும் விட்ட பின்னும் உள்ள பகுதிகளைச் சேர்த்துப் பாருங்கள். வெட்டப்பட்ட துணுக்கைப் பார்க்காதீர்கள்.

7. நேரத்தையும் வானத்தையும் பொருத்திப் பாருங்கள்

ஒளியும் வானொலி அலையும் நிலவுக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 2.6 நொடி ஆகும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலிருந்த கட்டுப்பாட்டு மையம் கேட்ட கேள்விக்கு நிலவிலிருந்து அதைவிட விரைவாக விடை வந்தால், ஐயப்படுவோர் வென்றுவிட்டார்கள். அப்போலோ 11, 13, 17 ஆகியவற்றின் ஒலிப்பதிவுகள் நேர வரிசைப்படி இணையத்தில் முழுமையாகக் கிடைக்கின்றன. கேள்வி முடியும் கணத்தையும் விடை தொடங்கும் கணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மிக அதிகமாக இடறி விழும் இடம் இதுதான், ஆகவே நின்று நிதானமாகப் படியுங்கள். பதிவு நடந்தது புவியில். ஆகையால் ஹூஸ்டன் பேசி நிலவு விடையளிக்கும்போது இடைவெளி இருக்க வேண்டும். நிலவு பேசி ஹூஸ்டன் விடையளிக்கும்போது இடைவெளி இருக்கத் தேவையில்லை. இந்த இரண்டாம் வகையை எடுத்துவைத்துக்கொண்டு 'பாருங்கள், உடனே பதில் வருகிறது' என்று சொல்லும் காணொளிகள் ஏராளம். அதேபோல, ஹூஸ்டன் பேசிக்கொண்டிருக்கும்போதே வீரர் தற்செயலாகத் தொடங்கிய பேச்சை விடை என்று எண்ணிவிடாதீர்கள். ஆவணப்படங்களில் சலிப்பூட்டும் இடைவெளிகளை வெட்டிவிடுவார்கள் என்பதால் அவற்றை இச்சோதனைக்குப் பயன்படுத்தவே கூடாது. சில இடங்களில் ஹூஸ்டன் குரலே நிலவு வரை போய் எதிரொலித்துத் திரும்புவது கேட்கும். அதை அளந்தால் 2.6 நொடியை ஒட்டி நேரடியாகக் கிடைக்கும்.

இந்தச் சான்று அறைக்குள் நடந்த உரையாடலை விலக்குகிறது. ஆளில்லாக் கலம் ஒன்று நிலவருகே இருந்து குரலை வாங்கித் திருப்பி அனுப்பியது என்பதை விலக்கவில்லை.

அடுத்து ஸ்டெல்லேரியத்தைத் திறந்து இடத்தைச் சென்னை என்றும், நேரத்தை 1969 ஜூலை 21, காலை 8.26 என்றும் வையுங்கள். நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால்வைத்த நேரம், இந்திய நேரப்படி, அதுதான். நூல்களில் ஜூலை 20 என்று இருப்பதால் பலர் தேதியைத் தவறாக இட்டு, நிலவு வேறிடத்தில் இருப்பதைக் கண்டு குழம்புகிறார்கள். அமெரிக்காவில் அது முந்தைய நாள் இரவு. சென்னையில் அப்போது நிலவு இன்னும் உதிக்கவில்லை என்பதைக் காண்பீர்கள். இப்போது இடத்தை ஆஸ்திரேலியாவின் கான்பெராவுக்கு மாற்றுங்கள். அங்கே நண்பகல் தாண்டிய நேரம், நிலவு வானில் இருக்கிறது. முதல் அடியின் தொலைக்காட்சிப் படம் கான்பெரா அருகிலுள்ள ஹனிசக்கிள் கிரீக் நிலையம் வழியாக உலகுக்குப் போனதும், சில நிமிடங்களில் அதே நாட்டின் பார்க்ஸ் தொலைநோக்கிக்கு மாறியதும் இதனால்தான். அலைவாங்கியைத் திருப்பிப் பிடித்தவர்கள் அந்த நாட்டுப் பணியாளர்கள்; நிலவு இருந்த திசையிலிருந்து சமிக்ஞை வராவிட்டால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதே நாட்களில் சோவியத்தின் ஆளில்லாக் கலமான லூனா 15 நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது என்பதையும், போட்டியில் தோற்றுக்கொண்டிருந்த அந்நாடு பயணத்தைப் பொய் என்று சொல்லவில்லை என்பதையும் இப்பக்கத்தில் குறியுங்கள்.

8. கணக்கிட்டுத் தீர்க்க வேண்டியவை

'இவ்வளவு பெரிய தொலைநோக்கிகள் இருக்கின்றனவே, விட்டுவந்த கலத்தைக் காட்டலாமே' என்பது நியாயமான கேள்வி. கலத்தின் கால்களையும் சேர்த்து அகலம் 9 மீட்டர் அளவு. தொலைவு ஏறத்தாழ 3,84,400 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.3 மீட்டர். வளிமண்டலமே இல்லாவிட்டாலும் அந்த ஆடியால் நிலவில் ஏறத்தாழ 110 மீட்டருக்குக் குறைந்ததைப் பிரித்துக் காட்ட முடியாது. விண்வெளித் தொலைநோக்கியான ஹபிளின் நிலையும் அதுவே. 9 மீட்டரைப் பிரிக்க 29 மீட்டர் ஆடி வேண்டும், அதுவும் காற்றின் நடுக்கம் இல்லாமல். ஆகவே மொட்டை மாடித் தொலைநோக்கி இந்த வழக்கில் சாட்சியாகாது.

'எஞ்சின் ஏன் பள்ளம் தோண்டவில்லை' என்பதற்கும் ஒரு பெருக்கல் போதும். இறங்கும் தறுவாயில் கலத்தின் நிறை ஏறத்தாழ 7 டன். நிலவின் ஈர்ப்பில் அதைத் தாங்க வேண்டிய உந்துவிசை 11,000 நியூட்டனைச் சற்று மிஞ்சும். எஞ்சின் வாயின் விட்டம் 1.5 மீட்டர், பரப்பு 1.77 சதுர மீட்டர். வகுத்தால் வரும் அழுத்தம் நம் வளிமண்டல அழுத்தத்தில் பதினாறில் ஒரு பங்குதான். மாடியில் நிற்கும் ஒருவரின் உள்ளங்கால் அழுத்தம் இதைவிட அதிகம். தூசி பறந்தது உண்மை. பள்ளம் விழ இது போதாது.

கதிர்வீச்சைப் பற்றிப் பேசுவோர் புவியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையங்களான வான் ஆலன் பட்டைகளைக் கடக்கவே முடியாது என்பார்கள். அளவு என்ன, எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். கலங்கள் பட்டைகளின் கடுமையான பகுதியைத் தவிர்த்து, சில மணி நேரத்தில் கடந்தன. கதிர்வீச்சை ராட் என்ற அலகால் அளந்தால், அப்போலோ 11 வீரர்கள் பெற்ற சராசரி அளவு 0.18 ராட், எல்லாவற்றிலும் அதிகமான அப்போலோ 14இல் 1.14 ராட். உடனடிக் கதிர்நோய் தோன்ற 100 ராட் அளவு வேண்டும். உண்மையான அபாயம் வேறிடத்தில் இருந்தது: 1972 ஆகஸ்டில், அப்போலோ 16க்கும் 17க்கும் இடையில், கடும் சூரியப் புயல் வீசியது. அப்போது யாராவது நிலவில் நின்றிருந்தால் கதை வேறு. அவர்களுக்கு அதிர்ஷ்டமும் துணைநின்றது என்று சொல்வதில் தவறில்லை.

9. நாசாவைச் சாராத சான்றுகளைக் கடைசியில் எடுங்கள்

பலர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள், அது தவறு. முந்தைய படிகளைக் கடக்காதவருக்கு இச்சான்றுகள் வெறும் பெயர்ப்பட்டியலாகவே தோன்றும்.

அதிலும் 'நிலவில் கண்ணாடி வைத்திருக்கிறார்கள், லேசர் திரும்பி வருகிறது' என்பதை முதல் சான்றாகக் காட்டாதீர்கள். அப்போலோ 11, 14, 15 வைத்த ஒளித்திருப்பிகள் இன்றும் பயன்படுகின்றன, அவற்றால்தான் நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுவது தெரிகிறது. ஆனால் சோவியத்தின் ஆளில்லா லூனாகோத் ஊர்திகளிலும் அத்தகையவை உண்டு. நம் சந்திரயான்-3இன் விக்ரம் தரையிறங்கியிலும் ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பரில் நாசாவின் சுற்றுக்கலன் அனுப்பிய லேசர் அதில் பட்டுத் திரும்பியது. ஆகவே அச்சான்று அங்கே கருவி போய்ச் சேர்ந்ததைக் காட்டும். மனிதன் போனதைக் காட்டாது.

பாறைகள் அதைவிட வலுவானவை. ஆறு பயணங்களில் வந்தவை 382 கிலோ. அவற்றில் 11 கிலோவைத் தாண்டிய தனிப்பாறையும் உண்டு. சோவியத்தின் மூன்று ஆளில்லாக் கலங்கள் கொண்டுவந்தது எல்லாம் சேர்ந்து 300 கிராம் அளவு. அந்தச் சோவியத் மண்ணும், சீனாவின் சாங்'இ-5 2020இல் கொண்டுவந்த 1.7 கிலோவும், அப்போலோ பாறைகளும் அடிப்படை வேதியியலில் ஒரே குடும்பம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு தனித் தொடர்பு உண்டு. நிலவின் மேட்டுநிலம் அனார்த்தோசைட் என்ற பாறையால் ஆனது என்பதற்கு அப்போலோ மாதிரிகள் முதன்மைச் சான்று. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி வட்டாரத்தில் கிடைப்பதால், அதை அரைத்து இஸ்ரோ செயற்கை நிலவு மண் செய்து, விக்ரமைச் சோதித்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான்-3இன் ஊர்தி தென்துருவப் பகுதியில் மண்ணை அளந்தபோதும் அவ்வகைப் பாறைக்குரிய வேதியியலே வெளிப்பட்டது. அப்போலோ பாறைகள் சொன்னதை நம் கருவி வேறோர் இடத்தில் தனியாக உறுதிசெய்திருக்கிறது.

படத்துக்கு, நாசாவின் சுற்றுக்கலன் எடுத்ததை ஏற்காதவரிடம் சந்திரயான்-2 எடுத்ததைக் காட்டுங்கள். அதன் உயர்தெளிவுக் கேமராவில் ஒரு பிக்சல் 25 சென்டிமீட்டர். அப்போலோ 11, 12 இறங்கிய இடங்களை அது படமெடுத்திருக்கிறது. நான்கு மீட்டர் அகலமுள்ள கலத்தின் அடிப்பகுதி பதினாறு பதினேழு பிக்சல் அளவில் நிழலோடு தெரியும். பள்ளங்கள் மேடுகள்போல் கண்ணை ஏமாற்றினால், ஒளி மேலிருந்து விழும்படி படத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். தனித்தனிக் காலடித்தடங்களைத் தேடாதீர்கள், அந்த அளவில் அவை தெரியா.

10. ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை ஒப்புக்கொள்ளுங்கள்

அப்போலோ 11 தொலைக்காட்சிச் சமிக்ஞையின் மூல நாடாக்கள் கிடைக்கவில்லை. அவை அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்று 2009இல் நாசாவே சொன்னது. நாடாத் தட்டுப்பாட்டில் பழையதை அழித்து எழுதுவது அக்காலத்து வழக்கம் என்றாலும், இது வெட்கக்கேடான அலட்சியம்தான். ஒளிபரப்பான வடிவம் பல நிலையங்களில் தனித்தனியாகப் பதிவாகியிருப்பதால் காட்சி அழியவில்லை. 'நாடா காணாமல் போனது' என்பது உண்மை. 'ஆகவே பயணம் நடக்கவில்லை' என்பது தனிக் கூற்று, அதற்குத் தனிப் பக்கம் வேண்டும்.

'பிறகு ஏன் ஐம்பது ஆண்டுகளாகப் போகவில்லை' என்பதும் அப்படியே. 1966இல் அமெரிக்க அரசின் செலவில் நான்கு சதவீதத்துக்கு மேல் நாசாவுக்குப் போனது. அந்தப் பணமும் அந்தப் போட்டியும் பின்னர் இல்லை. இது அரசியல் கேள்வி. இயற்பியல் பக்கத்தில் எழுத வேண்டாம்.

11. பிறரோடு உட்கார்ந்து பேசும்போது

குடும்பத்தில் பெரியப்பா ஒருவர் ஐயம் கேட்டால், எல்லார் முன்னும் குழுவிலேயே மறுத்து எழுதாதீர்கள். பெரியவர் பின்வாங்க இடமில்லாமல் போகும். நேரில் போய், 'பெரியப்பா, இதுல உங்களுக்கு எது ரொம்ப உறுத்துது, அத மட்டும் சொல்லுங்க' என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் வாயாலேயே ஒரு வாக்கியமாக்கி எழுதச் செய்யுங்கள். முதல் இரண்டு பத்திகளை அவரே நிரப்பட்டும். அளவு நாடாவையும் கைப்பேசியையும் அவர் கையிலேயே கொடுங்கள்.

ஓர் அமர்வில் ஒரு கூற்றுக்கு மேல் எடுக்க வேண்டாம். நடுவில் வேறொன்றுக்குத் தாவினால், அதற்கும் ஓர் எண் கொடுத்து அடுத்த பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு, கையிலிருப்பதற்கே திரும்புங்கள். கோளரங்கத்துக்கு அழைத்துப்போக எண்ணினால், கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கமும் அண்ணா நூற்றாண்டு நூலகமும் நடந்து போகும் தொலைவில் இருப்பதால், வானத்தைப் பார்த்த கையோடு நூலகத்தில் உட்கார்ந்து மூன்றாம் பத்தியை நிரப்பிவிடலாம்.